மதுரை வெயிலில் ஒரு குட்டிக் கடல்!

"டாக்டரய்யா, பேரன் 'நீமோ' மீன் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். மகனும் கடல்தண்ணி தொட்டி வெச்சுருவோம்னு கிளம்பிட்டான். வீட்டுல எனக்குச் சுகர், அவருக்கு பிரஷர். வைக்கலாமா, கூடாதா?"

நாடி பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் இந்த மாதிரிக் கேள்வியையும் கையோடு கொண்டு வருகிறார்கள். நியாயமான கேள்விதான். 2003-ல் வந்த நீமோ படத்துக்குப் பிறகு, ஆரஞ்சும் வெள்ளையுமாக வரி போட்ட அந்தக் கோமாளி மீனைத் தெரியாத குழந்தையே இல்லை.

வைக்கலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் எழுதிக் கொள்ளுங்கள். நீங்கள் வளர்க்கப் போவது தண்ணீரைத்தான். தண்ணீர் நன்றாக இருந்தால் மீன் தன்னைத் தானே பார்த்துக் கொள்ளும். தண்ணீர் கெட்டால் எந்த மருந்தாலும் மீனைக் காப்பாற்ற முடியாது.

நம் கண்மாய், குளத்து மீன்கள் வெள்ளத்தையும் பார்த்தவை, வறட்சியையும் பார்த்தவை. பவளப் பாறையில் வாழும் மீன் அப்படியல்ல. அதன் கடலில் உப்பும் சூடும் லேசில் மாறுவதில்லை. நம் வீட்டுத் தொட்டியில் அந்த மாறாத தன்மையை உண்டாக்கித் தர வேண்டும். வேலை அவ்வளவுதான், ஆனால் சின்ன வேலை இல்லை!

பவளம் கல் அல்ல!

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் பவளத்தை நவமணிகளில் ஒன்றாகப் படித்தோம். முத்து, மாணிக்கம், மரகதத்தோடு சேர்த்து அதையும் ஒரு கல்லாகவே நினைக்கப் பழகிவிட்டோம். உண்மையில் பவளம் ஓர் உயிர். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சிகள், கடல்நீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்து வீடு கட்டிக் கூட்டமாகக் குடியிருக்கின்றன. அந்த வீடுதான் நாம் பார்க்கும் 'கல்'.

(பவள பற்பத்துக்குப் பயன்படும் செம்பவளம் மத்தியதரைக் கடலில் வளர்வது. நம் கடலில் பாறை கட்டும் இனம் வேறு.)

நம் கடல் என்றால் எது? தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில், மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றித்தான் பவளப் பாறைகள். 1986-ல் இந்தப் பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். விளைவு? அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல், பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன!

இப்போது சட்டத்துக்கு வருவோம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே இருக்கின்றன. கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாவற்றையும் கூட அப்போது அதில் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை! மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உயிருள்ள பவளம்தான் குற்றம், வெளுத்த பவளக்கல்லை ஷோகேஸில் வைத்தால் குற்றமில்லை என்று நினைக்காதீர்கள். அதுவும் அதே குற்றம்தான்.

"இது வெளிநாட்டுச் சரக்கு சார், பயப்படாதீங்க" என்று யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். எந்தத் துண்டு எந்த இனம் என்று பிரித்துச் சொல்ல நம்மால் முடியாது.

அப்படியானால் பவளம் இல்லாமல் பவளப்பாறைத் தொட்டியா? ஆமாம். மீன் கேட்பது ஒளிய ஒரு பொந்தும், சுற்றி வர ஒரு மேடும்தான். மீன் தொட்டிக்கென்றே செய்த செராமிக் பாறைகள் கிடைக்கின்றன. இன்னும் சுலபமாக, மானாமதுரை மண்பாண்டம் இருக்கிறதே! வண்ணம் பூசாத, மெருகு ஏற்றாத சின்னச் சட்டி, உடைந்த பானை ஓடு போதும். ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினம் தண்ணீர் மாற்றிய பிறகு தொட்டியில் அடுக்குங்கள். குஞ்சு பொரிக்க வைக்கும் இடங்களில்கூட கோமாளி மீன் முட்டையிட மண் ஓடுகளைத்தான் வைக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய தொட்டி?

"சின்னதா, மேஜை மேல வைக்கிற மாதிரி..." என்று ஆசைப்படுவீர்கள். கடல் தொட்டியில் சின்னதுதான் கஷ்டம்! தண்ணீர் குறைவாக இருந்தால் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும். 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 150 லிட்டர் பிடிக்கும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இது சரியான அளவு.

தண்ணீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்த்து 200 கிலோவைத் தாண்டும். மூன்று ஆட்கள் ஒரே இடத்தில் ஏறி நிற்கிற பாரம்! டி.வி. ஸ்டாண்டு தாங்காது. தரைத்தளத்தில், சுவரை ஒட்டி, ஆடாத கனமான ஸ்டாண்டு மேல் வையுங்கள். ஜன்னல் வெயில் படவே கூடாது.

தொட்டியோடு வாங்க வேண்டியவை: நீரைச் சுழற்றும் பவர்ஹெட் மோட்டார், ஃபில்டர், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், தெர்மாமீட்டர், உப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டர், அம்மோனியா - நைட்ரைட் - நைட்ரேட் டெஸ்ட் கிட். விளக்கு? பவளம் இல்லாததால் சாதாரண எல்.இ.டி. விளக்கு தினம் 8 மணி நேரம் எரிந்தால் போதும். அடியில் போட கிளிஞ்சல் தூள் நல்லது. தண்ணீரின் காரத்தன்மை குறையாமல் பார்த்துக் கொள்ளும். நன்றாக அலசிப் போடுங்கள்.

எந்த உப்பு?

"தூத்துக்குடி உப்பு இருக்க, பாக்கெட் உப்பு எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடல்நீர் சுண்டச் சுண்ட முதலில் ஜிப்சம் படியும். பிறகு சோறாக்கும் உப்பு படியும். மெக்னீசியம் போன்றவை மிஞ்சிய கசப்பு நீரோடு போய்விடும். ஆக, நம் சமையல் உப்பு கடலின் ஒரு பாகம்தானே தவிர, முழுக் கடல் அல்ல. அதைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல்நீர் கிடைக்காது. மீன் தொட்டிக்கென்று விற்கும் 'மரைன் சால்ட்'தான் வேண்டும்.

லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை போட்டு, ஒருநாள் மோட்டார் வைத்துச் சுழலவிட்டுக் கரையுங்கள். ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்ட வேண்டும். தண்ணீர்? மதுரையில் பல பகுதி போர் தண்ணீர் உப்பும் கடினமும் கலந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரே உத்தமம்.

ஒரு முக்கியமான விஷயம். தொட்டி நீர் ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு போகாது. ரசம் அடுப்பில் சுண்டினால் கரிக்கும் இல்லையா? அப்போது வெந்நீர் ஊற்றுவீர்களா, உப்புப் போடுவீர்களா? அதே கதைதான். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, குறைந்த அளவுக்குத் தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள்.

இன்னொன்று. செம்புக் குடத்துத் தண்ணீரை நாம் குடிக்கிறோம். தொட்டிப் பக்கம் செம்புப் பாத்திரமே வரக்கூடாது. கரையும் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் கொடிய விஷம்.

உறை ஊற்றிக் காத்திருங்கள்!

தொட்டி ரெடி, தண்ணீர் ரெடி, அன்றைக்கே மீனும் வாங்கி விடுகிறார்கள். மூன்றாம் நாள், "செத்துப் போச்சு டாக்டர்!" என்று குழந்தை அழுகிறது. பணமும் போச்சு, பிள்ளையின் மனசும் உடைந்து போச்சு. காரணம் நோய் இல்லை, அவசரம்.

மீன் கழிவும் மிச்ச இரையும் அம்மோனியாவாக மாறும். அது விஷம். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இது அவ்வளவு கெடுதல் இல்லை. வாராவாரம் தண்ணீர் மாற்றிக் குறைத்து விடலாம். இந்த நுண்ணுயிர்கள் பாறையிலும் ஃபில்டரிலும் குடியேற வேண்டும். பாலில் உறை ஊற்றினால் ஒரு ராத்திரியில் தயிராகிறது. இந்த 'உறை' பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும்.

எப்படி? மீன் எதுவும் விடாமல், சமைக்காத இறால் ஒரு சின்னத் துண்டைத் தொட்டியில் போடுங்கள். நன்றாக நடக்கிற வேறு கடல் தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் கொஞ்சம் கிடைத்தால் அதுவே உறைமோர். வாரம் இரண்டு முறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் தெரிகிற நாள்தான் மீன் வாங்குகிற நாள். குழந்தையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தினம் எண்களை எழுதச் சொல்லுங்கள். காத்திருப்பதும் ஒரு விளையாட்டாகி விடும்.

வெயில் என்கிற வில்லன்

கடல் மீனுக்கு 25 முதல் 27 டிகிரி சுகம். சித்திரை, வைகாசியில் மதுரை 40 டிகிரியைத் தொடும்! தொட்டியின் மேல் சின்ன ஃபேன் வைத்தால், ஆவியாகும் வேகத்தில் 2 அல்லது 3 டிகிரி குறையும். சென்னையைவிட நம் ஊர்க் காற்று வறட்சி என்பதால் ஃபேன் இங்கே நன்றாகவே வேலை செய்யும். ஆனாலும் அக்னி நட்சத்திரத்துக்கு அது காணாது. தொட்டியைவிட அதிக விலையுள்ள சில்லர் வாங்க வேண்டும். இல்லை, நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையில் வைக்க வேண்டும். இரண்டும் முடியாது என்றால், ஆசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பங்குனியில் வெயிலைப் பார்த்துப் பதறுவதைவிட, கார்த்திகையிலேயே கரண்ட் பில்லைக் கணக்குப் போட்டு முடிவெடுப்பது நல்லது.

கரண்ட் போனால் மீனுக்கு முதலில் மூச்சு முட்டும். சூடான நீரில் பிராணவாயு குறைவு. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். அவசரத்துக்கு, மூடிய பாட்டிலில் உறையவைத்த நீரை மிதக்கவிடலாம். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள், உப்பளவு மாறிவிடும்.

இதே வெயில்தான் கடலிலும் பவளத்தைக் கொல்கிறது. பவளப்பூச்சியின் சதைக்குள் நுண்பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு சமைத்துக் கொடுக்கிறது. கடல்நீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் அந்தப் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது நடந்தது. அங்கேயே தடுமாறுகிற உயிரைப் பெயர்த்து வந்து நம் ஹாலில் வைத்தால் பிழைக்குமா?

யாரைக் குடிவைக்கலாம்?

முதல் குடித்தனம், கோமாளி மீன் ஒரு ஜோடி. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை நடத்திக் காட்டியிருக்கிறது. கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே, "இது தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்பதுதான். தென்கிழக்கு ஆசியக் கடல்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் கொடுமை உண்டு. தொட்டியில் பிறந்தது தொட்டி வாழ்க்கைக்கும் இரைக்கும் பழகியது, திடகாத்திரமாக இருக்கும்.

கோமாளி மீன் குஞ்சுகள் எல்லாம் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும்! முட்டையைக் காப்பதும், துடுப்பால் விசிறிவிடுவதும் பெரும்பாலும் அப்பாவின் வேலை. நன்றாகப் பராமரித்தால் 10 ஆண்டுக்கு மேலும் இருக்கும். கடல் சாமந்தி இல்லாமலே வாழும். பலமான வெளிச்சமும் பழகிய தொட்டியும் கேட்கிற அந்தச் சாமந்தியை இப்போதைக்கு மறந்து விடுங்கள்.

வாங்கி வந்த பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் சேர்த்து, அப்புறம் மீனை மட்டும் விடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்த மீன். 3 அடித் தொட்டிக்கு மொத்தம் நாலைந்து சின்ன மீன் போதும். படத்தில் வரும் நீல நிற 'டோரி' வேண்டாம். அது ஓர் அடி வளரும் மீன். பொரி, சோறு, இட்லித் துண்டு எதையும் போடக்கூடாது. கடல் மீனுக்கான இரையை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, தினம் இருவேளை கொடுங்கள்.

உடம்புக்கு நல்லதா?

நல்லதுதான். அமெரிக்காவில் ஆரன் கேட்சர் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் 1983-ல் வெளியிட்ட ஆய்வில், மீன் தொட்டியைப் பார்த்துக் கொண்டிருந்தவர்களின் ரத்த அழுத்தம் குறைந்தது தெரிந்தது. அடுத்த ஆண்டு, பல் பிடுங்கக் காத்திருந்தவர்களின் பயமும் மீன் தொட்டியால் தணிவதைக் காட்டினார்கள். பல் டாக்டர் கிளினிக்கில் மீன் தொட்டி வைப்பதற்கு அர்த்தம் இருக்கிறது! 2015-ல் இங்கிலாந்தின் பிளைமவுத் நகர ஆய்வில் இன்னொரு வேடிக்கை: மீனே விடாத வெறும் கடல் தொட்டியைப் பார்த்தவர்களுக்கும் இதயத் துடிப்பு நிதானப்பட்டது. ஆகவே அந்த ஆறு வாரக் காத்திருப்பும் வீண் இல்லை.

ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மீன் தொட்டி மனசுக்குத் துணை. மருந்துக்கு மாற்று அல்ல.

இதில் ஜாக்கிரதை!

* சர்க்கரை நோயாளிகள்: கையில் கீறல், புண் இருந்தால் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். எப்போதும் முழங்கை வரை ரப்பர் கையுறை போடுங்கள். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று மீன் தொட்டி நீரில் இருக்கும். கைபட்ட சில வாரம் கழித்து விரலில் ஆறாத சிவந்த கட்டி வந்தால், களிம்பு தடவி நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

* கரண்ட்: உப்புத் தண்ணீரும் மின்சாரமும் ஜென்மப் பகை. ஷாக் அடிக்காமல் தடுக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் பொருத்துங்கள். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். அப்போதுதான் வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. கைவிடும் முன் எல்லா சுவிட்சையும் அணையுங்கள்.

* விஷ மீன்: முள்ளில் விஷமுள்ள சிங்க மீனைக் குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்கவே கூடாது. கடல் பாறையை வெந்நீரில் வேகவைத்துச் சுத்தம் செய்வதும் ஆபத்து. அதில் ஒட்டிய சில உயிர்களின் விஷம் ஆவியோடு கலந்து, வெளிநாடுகளில் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் உண்டு.

* கொசு மருந்து: ஸ்பிரே, கொசுவத்திச் சுருள் எதுவும் அந்த அறையில் வேண்டாம். அது மீனுக்கு நஞ்சு. ஏர் பம்ப் காற்றோடு உள்ளே இழுத்துவிடும். சேமித்து வைக்கும் ஆர்.ஓ. தண்ணீர் டிரம்மை இறுக மூடுங்கள். டெங்கு கொசு தேடுவதே அந்த மாதிரி நல்ல தண்ணீரைத்தான்.

* டியூப்: தண்ணீர் மாற்றும்போது வாயால் உறிஞ்சி இழுக்காதீர்கள்.

வாராவாரம் அரை மணி நேரம்

வாரம் ஒருமுறை 15 லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டு, முதல் நாளே கரைத்து வைத்த புது உப்பு நீரை ஊற்றுங்கள். எடுத்த நீரை வாஷ்பேசினில் விடுங்கள். செடிக்கு ஊற்றினால் செடி கருகிவிடும். மாதம் ஒருமுறை ஃபில்டர் பஞ்சை அந்தப் பழைய நீரிலேயே அலசுங்கள். குழாயில் அலசினால் நாம் ஊற்றிய 'உறை' செத்துவிடும்.

வளர்க்க முடியவில்லை என்றால் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பவரிடமோ கொடுத்து விடுங்கள். "பாவம், கடலில் விட்டுடலாம்" என்று ராமேஸ்வரம் போகும்போது விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த 'கப்பாஃபைகஸ்' என்ற கடற்பாசி, வளர்ப்பு இடத்திலிருந்து தப்பி, குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூடியது 2008-ல் தெரிய வந்தது. வெளியூர் விருந்தாளி நம் கடலில் என்ன செய்யும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

செலவும் சிரமமும் கட்டுப்படியாகாது என்று தோன்றுகிறதா? வெட்கப்பட ஒன்றுமில்லை. ராமேஸ்வரம் ரயிலில் மண்டபத்தில் இறங்கி, ஆராய்ச்சி நிலையக் காட்சிக்கூடம் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக் கொண்டு, பேரப்பிள்ளைகளுக்கு அங்கே நீமோவைக் காட்டுங்கள். வீட்டில் வைத்தே தீருவது என்று முடிவு செய்தவர்கள், இந்த வாரம் கடைக்குப் போனால் தெர்மாமீட்டரை மட்டும் வாங்குங்கள். தொட்டி வைக்க நினைக்கிற இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, ஒரு வாரம் மத்தியானம் 3 மணிக்கு அதன் சூட்டைக் குறித்து வாருங்கள். மீன் வாங்கலாமா, வேண்டாமா என்று அந்த வாளியே சொல்லிவிடும்!